மென்பொருள் துறை நேர்முகப் பரீட்சையும் எங்கள் பிள்ளைகளும்

(நூற்றாண்டு நிறைவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய தொழில் வழிகாட்டல் நிகழ்வில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வைத்தியருக்கும் மென்பொருள் கொம்பனி நேர்முகப் பரீட்சைக்கும் என்ன தொடர்பு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். எங்களோடு ஒரே ஆண்டில் உயர்தரம் எழுதியவர்களில் சிலர் மருத்துவபீடம் போனோம். சிலர் கணினித் துறைக்குப் போய் இன்று கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் மென்பொருள் பொறியியலாளர்களாக இருக்கிறார்கள். அவர்களில் சிலர் ஆட்களைத் தெரிவு செய்யும் குழுவில் மேசைக்கு மறுபக்கம் இருப்பவர்கள். இந்த உரையை எல்லோரும் சேர்ந்தே தயாரித்தோம். பேசும் வேலையை மட்டும், "உங்களுக்குத்தானே நாள் முழுக்க ஆட்களோடு கதைத்துப் பழக்கம்" என்று சொல்லி வைத்தியர் தலையில் கட்டிவிட்டார்கள். ஆகவே இங்கே "நாங்கள்" என்று வருவதெல்லாம் அந்தத் தோழிகள் கூட்டத்தையே குறிக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. இருபத்திரண்டு, இருபத்துநான்கு வயதுப் பிள்ளைகள் நெஞ்சு படபடக்கிறது, நித்திரை வருவதில்லை, சாப்பாடு இறங்குவதில்லை என்று வைத்தியசாலைக்கு வருகிறார்கள். ஈசீஜி சரியாக இருக்கும். இரத்தப் பரிசோதனை சரியாக இருக்கும். தைரொயிட்டும் சரி. ஆறுதலாக இருத்திக் கேட்டால், மூன்று கொம்பனிகளுக்கு நேர்முகத்துக்குப் போனதும், மூன்றிலும் சரிவராமல் போனதும் மெல்ல வெளியே வரும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை சொல்கிற வசனம்தான் எங்களை இந்த மேடைக்குக் கொண்டுவந்தது: "எனக்கு மூளை இல்லைப் போலை, டொக்டர்." பல்கலைக்கழகத்தில் நல்ல தரத்தில் சித்தியடைந்த பிள்ளை சொல்கிற வசனம் அது.

அந்த வசனம் பிழை என்பதைக் காட்டுவதற்கே இந்த உரை.

முதலில் பெற்றோருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் சமூகம் பட்டியலை நம்பி வளர்ந்த சமூகம். புலமைப்பரிசிலுக்குப் பட்டியல், பல்கலைக்கழக அனுமதிக்கு இஸட் புள்ளிப் பட்டியல். வைத்தியர்களுக்கும் அப்படித்தான். மருத்துவபீடத்தின் இறுதிப் பரீட்சை முடிந்தால் தகுதி வரிசைப்படி உள்ளகப் பயிற்சிக்கு இடம் கிடைக்கும்; பிறகு அதே போன்ற ஒரு வரிசைப்படி நியமனம் வரும். "உங்களை ஏன் நாங்கள் வேலைக்கு எடுக்க வேண்டும்?" என்று எங்களை யாரும் கேட்டதில்லை. மென்பொருள் துறையில் அப்படியான பட்டியல் இல்லை. பட்டம் வாசல்வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். உள்ளே போவதற்கு ஒவ்வொரு கொம்பனியும் தானே ஒரு பரீட்சை வைக்கிறது. "நல்ல றிசல்ட் எடுத்த பிள்ளைக்கு ஏன் வேலை கிடைக்கவில்லை? எங்கேயோ பிழை விட்டிருக்கிறாள்" என்று வீட்டில் கதைப்பது, இந்த வித்தியாசம் தெரியாததால் வருவது.

அந்தப் பரீட்சை எப்படி நடக்கிறது? பொதுவாக நாலு படிகள். முதலாவது, சுயவிபரக் கோவையைப் பார்த்துக் கழித்தல். இரண்டாவது, நேரக் கட்டுப்பாட்டோடு கணினியில் எழுதும் பரீட்சை. அதைத் திருத்துவதும் கணினியே. மூன்றாவது, தொழில்நுட்ப நேர்முகம்: ஒருவரோ இருவரோ எதிரே இருந்து ஒரு கணக்கைத் தருவார்கள், வெண்பலகையிலோ, சூமில் பகிர்ந்த திரையிலோ, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க நிரல் எழுத வேண்டும். நாலாவது, குணநலன் பற்றிய உரையாடல்: குழுவோடு எப்படி வேலை செய்தாய், கருத்து முரண்பாடு வந்தபோது என்ன செய்தாய் என்ற மாதிரியான கேள்விகள். அனுபவம் உள்ளவர்களுக்கு இவற்றோடு, ஒரு பெரிய முறைமையை எப்படி வடிவமைப்பாய் என்ற கேள்வியும் சேரும். எங்கள் பிள்ளைகள் அதிகம் விழுவது மூன்றாவதில். அதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். கணினி தெரியாத அம்மாமாருக்கும் இது விளங்கும்.

ஒரு கடையில் 1000 பொருட்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. சரியாக 500 ரூபாய் வருகிற மாதிரி இரண்டு பொருட்களை எடுக்க வேண்டும். எந்த இரண்டு? இது இந்தத் துறையில் மிகவும் பழகிப்போன ஒரு கேள்வி வகை. எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, ஒவ்வொரு பொருளையும் மற்ற எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்ப்பது. அப்படிப் பார்த்தால் 499,500 சோடிகள் வரும். கெட்டிக்கார வழி வேறு. கையில் ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு பார்த்த விலைகளை எழுதிக்கொண்டே போக வேண்டும். 180 ரூபாய்ப் பொருளைக் கண்டால், 320 ஏற்கெனவே கொப்பியில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஒரு சுற்று, 1000 பொருட்கள், வேலை முடிந்தது.

இந்த விடையைச் சொன்னால் வேலை கிடைத்துவிடுமா? குழுவில் இருக்கும் எங்கள் தோழிகள் சொல்வதைக் கேளுங்கள். விடையை மட்டும் அவர்கள் பார்ப்பதில்லை. தொடங்குவதற்கு முன் பிள்ளை கேள்வி கேட்டாளா? "ஒரே பொருளை இரண்டு முறை எடுக்கலாமா? அப்படி ஒரு சோடியே இல்லாவிட்டால் என்ன செய்வது?" என்று கேட்டாளா? எளிய வழியை முதலில் சொல்லி, அது ஏன் மெதுவானது என்று விளக்கினாளா? எழுதி முடித்த பிறகு, நாலைந்து விலைகளைப் போட்டுத் தானே சரிபார்த்தாளா? இவற்றுக்கெல்லாம் புள்ளி உண்டு. இவை எல்லாம் வாய் திறந்தால்தான் தெரியும். ஐந்து நிமிடம் பலகையைப் பார்த்துக்கொண்டு மௌனமாக நிற்கிற பிள்ளையின் தலைக்குள் மிக அழகான யோசனை ஓடிக்கொண்டிருக்கலாம். எதிரே இருப்பவருக்குத் தெரிவது மௌனம் மட்டுமே.

எங்கள் தங்கைமாரில் ஒருத்திக்கு நடந்தது இது. கொழும்பில் நேர்முகம். கேள்வி அவளுக்குத் தெரிந்த பகுதியிலிருந்துதான் வந்தது. "யோசிக்கிறதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கோ" என்று கேட்டிருக்கிறார்கள். முழு விடையும் வராமல் வாய் திறப்பது மரியாதை இல்லை என்று அவள் பேசாமல் நின்றிருக்கிறாள். இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. அன்றிரவு ஊருக்குத் திரும்பும் பஸ் முறிகண்டியில் நின்றபோது, முழு விடையும் வரி வரியாக அவளுக்கு வந்துவிட்டதாம். அறிவு இல்லாத பிள்ளைக்கு முறிகண்டியில் மட்டும் அறிவு எங்கிருந்து வரும்? அது முழு நேரமும் அவளிடம்தான் இருந்தது. அந்த அறையில் அதை எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஏன் எடுக்க முடியவில்லை என்பது வைத்தியர்கள் பேச வேண்டிய இடம்.

ஆபத்து என்று மூளை நினைத்தால் உடல் அட்ரினலினையும் கோர்ட்டிசோலையும் சுரக்கும். இதயம் வேகமாக அடிக்கும், வாய் உலரும், கை குளிரும். ஓடித் தப்புவதற்கு அது நல்ல ஏற்பாடு; கணக்குச் செய்வதற்கு நல்லதல்ல. ஒரு கணக்கைச் செய்யும்போது நாலைந்து விடயங்களை ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்து வைத்திருக்க வேண்டும். அந்தப் பிடிப்புத்தான் பயத்தில் முதலில் தளரும். மற்றவர்கள் எங்களை எடைபோடுகிறார்கள் என்ற உணர்வை மூளை பெரிய ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. 1993இல் ஜேர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆய்வுகூடத்தில் மனிதருக்கு அழுத்தத்தை உண்டாக்க ஒரு முறையை வெளியிட்டார்கள். இன்றுவரை உலகெங்கும் அது பயன்படுகிறது. அந்த முறை என்ன தெரியுமா? ஒரு குழுவுக்கு முன்னால் வேலைக்கு விண்ணப்பித்தவர் போல ஐந்து நிமிடம் பேச வேண்டும். பிறகு 1022இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். குழுவில் இருப்பவர்கள் தலையாட்டவும் மாட்டார்கள், சிரிக்கவும் மாட்டார்கள். அதாவது, மனிதரைப் பதற வைக்க விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்த கருவியே நேர்முகப் பரீட்சைதான்! அதற்குள் போய்ப் பதறுகிற பிள்ளையிடம் குறையொன்றும் இல்லை. அவளுடைய உடல் சரியாக வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம்.

மென்பொருள் நேர்முகத்தையே நேரடியாக ஆராய்ந்த ஓர் ஆய்வும் இருக்கிறது. அமெரிக்காவின் நோர்த் கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசொப்ட் நிறுவனமும் சேர்ந்து 2020இல் வெளியிட்டவை அதன் முடிவுகள். கணினி விஞ்ஞானம் படிக்கும் 48 மாணவர்களுக்கு வெண்பலகையில் செய்ய ஒரு கணக்குக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் பரீட்சகர் பார்த்துக்கொண்டிருக்க, பேசிக்கொண்டே செய்ய வேண்டும். மற்றப் பகுதியினர் தனி அறையில் தனியே செய்யலாம். பார்க்கப்பட்டவர்களின் பெறுபேறு மற்றவர்களுடையதன் பாதிக்கும் கீழே போனது. அதைவிட முக்கியமான ஒன்று: பரீட்சகர் முன்னிலையில் செய்த பெண்களில் ஒருவர்கூடச் சித்தியடையவில்லை. தனி அறையில் செய்த பெண்கள் எல்லோரும் சித்தியடைந்தார்கள். அந்த ஆய்வில் பெண்களின் எண்ணிக்கை சிறியது. ஆகவே அதை வைத்து உலகத்துப் பெண்கள் எல்லோருக்கும் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் ஒன்று தெளிவு. அந்த முறை திறமையோடு சேர்த்து, ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதைத் தாங்கும் பழக்கத்தையும் அளக்கிறது.

இரத்த அழுத்தம் பார்க்க வருகிறவர்களில் சிலருக்கு, வெள்ளைக் கோட்டைக் கண்டவுடனேயே அழுத்தம் ஏறிவிடும். வீட்டில் அளந்தால் சரியாக இருக்கும். இதற்கு மருத்துவத்தில் "வெள்ளை அங்கி உயர் இரத்த அழுத்தம்" என்றே பெயர் உண்டு. அப்படி ஒருவருக்கு, ஒருநாள் அளவை மட்டும் வைத்து வாழ்நாள் முழுக்க மாத்திரை எழுதிக் கொடுப்பதில்லை. வீட்டில் அளந்து வரச் சொல்வோம், அல்லது இருபத்துநான்கு மணி நேரக் கருவியைப் பூட்டுவோம். ஒரு நேர்முகப் பரீட்சையின் முடிவையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அது ஒருநாள், ஓர் அறையில், ஒரு கருவி எடுத்த ஓர் அளவு. அதை வைத்து "எனக்கு மூளை இல்லை" என்று நோய் நிர்ணயம் செய்ய எந்த வைத்தியருக்கும் உரிமை இல்லை. உங்களுக்கும் இல்லை, பிள்ளைகளே.

சில சமயம் அந்த முடிவுக்கும் உங்களுக்கும் தொடர்பே இருக்காது. ஓர் இடத்துக்கு நூறு பேர் விண்ணப்பித்திருக்கலாம். வெளிநாட்டு வாடிக்கையாளர் திட்டத்தை நிறுத்தியிருக்கலாம். இவை எதையும் கொம்பனி கடிதத்தில் எழுதாது. பல இடங்களில் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம். இரண்டாம், மூன்றாம் முறை போய் வேலை எடுத்தவர்கள் எங்கள் தோழிகளிலேயே இருக்கிறார்கள்.

இனி, பயிற்சியால் திருத்தக்கூடிய விடயங்களுக்கு வருவோம்.

முதலாவது, வாய் விட்டு யோசிக்கப் பழகுங்கள். கிழமைக்கு மூன்று நாள், பதினைந்து நிமிடம் போதும். கணினி வேண்டாம், ஒரு கொப்பியும் பேனையும், எதிரே ஒரு தோழியும் இருந்தால் சரி. கணக்கைச் சத்தமாக வாசித்து, சத்தமாகக் கேள்வி கேட்டு, சத்தமாகச் செய்யுங்கள். தோழி உதவி செய்யாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். முதல் கிழமை வெட்கமாக இருக்கும். மூன்றாம் கிழமை, பார்த்துக்கொண்டிருக்கும் ஆளை மூளை ஆபத்தாக எண்ணுவது குறையத் தொடங்கும்.

இரண்டாவது, தடக்கினால் தடக்குகிற இடத்தைச் சொல்லுங்கள். "இதுவரை சரி, இந்த இடத்தில் எனக்கு இரண்டு வழி தெரிகிறது, எது நல்லது என்று யோசிக்கிறேன்" என்று சொன்னால் அது பலவீனம் ஆகாது. குழுவில் இருப்பவர் ஒரு சிறு குறிப்புத் தருவார். குறிப்பை எடுத்துக்கொண்டு முன்னே போகத் தெரிவதும் அவர்கள் பார்க்கும் ஒரு தகைமைதான்.

மூன்றாவது, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்வி. எங்கள் பிள்ளைகள் பலர் ஊர், தகப்பனார் பெயர், பாடசாலை, சாதாரண தரப் பெறுபேறு என்று தொடங்கி உயர்தரத்துக்கு வருவதற்குள் இரண்டு நிமிடம் போய்விடுகிறது. அவர்கள் கேட்பது, நீங்கள் என்ன செய்து பார்த்திருக்கிறீர்கள் என்பதை. ஊரில் ஒரு சங்கக் கடைக்குக் கணக்கு எழுத ஒரு செயலி செய்திருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். அது யாருக்குப் பயன்பட்டது, எது உடைந்தது, எப்படித் திருத்தினீர்கள் என்று சொல்லுங்கள்.

நாலாவது, "நாங்கள்" என்ற சொல். இந்த உரை முழுக்க நாங்கள் "நாங்கள்" என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். மேடைக்கு அது அழகு. நேர்முகத்தில் அது ஆகாது. "நாங்கள் நாலு பேரும் சேர்ந்து செய்தோம்" என்று சொன்னால், "அதில் உங்களுடைய பங்கு என்ன?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். அந்த இடத்தில் குழைய வேண்டாம். "தரவுத்தளம் முழுவதையும் நான் வடிவமைத்தேன்" என்பது உண்மையானால், அதைச் சொல்வது தற்பெருமை ஆகாது. சாட்சி சொல்வது போன்றது. எங்கள் வீடுகளில் "நான்" என்று பேசும் பெண்பிள்ளைக்கு வாய் நீளம் என்பார்கள். வேலைக்கு எடுப்பவருக்கோ அந்த "நான்" இல்லாவிட்டால் யாரை எடுப்பது என்றே தெரியாது.

ஐந்தாவது, ஆங்கிலம். உச்சரிப்பைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சிறு சிறு வசனமாகப் பேசுங்கள். கேள்வி விளங்காவிட்டால் மீண்டும் சொல்லும்படி கேளுங்கள். பிறகு, "நீங்கள் கேட்பது இதுதானே" என்று உங்கள் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். அனுபவம் உள்ள பொறியியலாளர்களும் அதைத்தான் செய்கிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு ஒரு வசனம் கைவசம் இருக்கட்டும்.

ஆறாவது, உடம்பு. இரவு பஸ்ஸில் ஏறி விடியக் கொழும்பில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு நேரே நேர்முகத்துக்குப் போகும் வழக்கத்தை விடுங்கள். நித்திரை இல்லாத மூளை பாதி மூளை. ஒருநாள் முன்னதாகப் போங்கள். அறைக்குள் போவதற்கு முன் மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் செய்தால் படபடப்பு இறங்கும். தண்ணீர் குடியுங்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். படபடப்புக்கு நல்லது என்று தோழி சொன்னாள், மச்சாள் சொன்னாள் என்று புரொப்பிரனலோல் மாத்திரையைப் பார்மசியில் வாங்கிப் போடுகிற வழக்கம் இருக்கிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அது மூச்சுக் குழாயை இறுக்கி உயிராபத்தைக் கொண்டுவரலாம். வைத்தியரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

ஏழாவது, நேர்முகம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் கேட்ட கேள்விகளை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அழுவதாக இருந்தால் எழுதிவிட்டு அழுங்கள். அந்தக் கொப்பி அடுத்த முறைக்கு உங்களுக்கும், உங்களுக்குப் பின்னால் வரும் தங்கைக்கும் உதவும்.

பெண்பிள்ளைகளிடம் மட்டும் கேட்கப்படும் சில கேள்விகளும் உண்டு. "கலியாணம் எப்போது?", "இரவில் வேலை இருந்தால் வீட்டில் விடுவார்களா?" என்று எங்கள் தங்கைமாரிடம் கேட்டிருக்கிறார்கள். அதே நாள் அதே குழு, அதே வகுப்பில் படித்த ஆண்பிள்ளையிடம் அதைக் கேட்கவில்லை. கோபம் வருவது நியாயம். ஆனால் அந்த அறையில் நிதானமான ஒரு விடை கையில் இருக்க வேண்டும். "இந்த வேலைக்கு நீங்கள் குறிப்பிட்டிருக்கும் நேரம் எனக்குத் தெரியும், அந்த நேரத்துக்கு என்னால் வேலை செய்ய முடியும்" என்று சொல்லி நிறுத்துங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அந்தக் கொம்பனிக்குப் போவதா என்பதை வீட்டுக்கு வந்து நீங்களும் தீர்மானிக்கலாம். தெரிவு செய்யும் உரிமை ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதல்ல.

இனி, குழுவில் மேசைக்கு மறுபக்கம் இருக்கும் அக்காமாருக்கும் தோழிகளுக்கும் சில வார்த்தைகள்.

மருத்துவக் கல்வியிலும் ஒரு காலத்தில் ஒரே நோயாளி, ஒரே பரீட்சகர், அன்றைய அதிர்ஷ்டம் என்றுதான் பரீட்சை இருந்தது. 1975இல் ஸ்கொட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் வேறொரு முறையை முன்வைத்தார்கள். பல சிறு நிலையங்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விகள். முன்கூட்டியே எழுதிய புள்ளித்தாள். இன்று உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் அந்த முறையில்தான் பரீட்சிக்கப்படுகிறார்கள். மாற்ற முடியாத பரீட்சை என்று ஒன்று இல்லை. கூகிள் நிறுவனமே ஒரு காலத்தில் விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்துகள் அடங்கும் என்ற மாதிரியான புதிர்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. அவற்றால் ஒரு பயனும் இல்லை என்று அதன் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பொக் 2013இல் வெளிப்படையாகச் சொன்னார்.

தெரிவு செய்யும் வாசல் மாறினால் உள்ளே வருபவர்களும் மாறுவார்கள். நாசிகளின் கொடுமையிலிருந்து தப்ப 1939இல் ஐந்து வயதில் அகதியாக இங்கிலாந்து வந்தவர் ஸ்டெபானி ஷேர்லி. 1962இல் அவர் ஒரு மென்பொருள் கொம்பனி தொடங்கினார். பிள்ளை பெற்றதால் வேலையை விட்ட பெண்களைத் தேடி எடுத்து, வீட்டில் இருந்தபடியே நிரல் எழுத வைத்தார். அவருடைய முதல் 300 ஊழியர்களில் மூவர் மட்டுமே ஆண்கள். தன் பெயரில் அனுப்பிய வியாபாரக் கடிதங்களுக்குப் பதில் வராததால் "ஸ்டீவ்" என்று கையெழுத்து வைத்தாராம். பிறகு பதில் வந்தது. கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலாக்கத்தைச் செய்தவர்கள் அந்தப் பெண்கள்தான். மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் வீட்டில் இருந்த திறமை அது.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். கேள்வியைக் கொடுத்தபின் ஐந்து நிமிடம் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு, பிறகு வந்து விளக்கச் சொல்லுங்கள். புள்ளியை அந்த இடத்திலேயே தாளில் எழுதுங்கள். கலியாணக் கதையை யாராவது எடுத்தால், "அது வேண்டாம்" என்று சொல்லும் ஆளாக நீங்கள் இருங்கள். சலுகை எதையும் நாங்கள் கேட்கவில்லை. சரியாக அளக்கும்படிதான் கேட்கிறோம்.

கடைசியாக எங்கள் கல்லூரிக்கு. திருவள்ளுவர் "அவையஞ்சாமை" என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அதன் பத்துக் குறளையும் பாடமாக்கிப் பரிசு வாங்கியவர்கள் எங்களில் இருக்கிறோம். ஆனால் வகுப்பறையில் கையைக் கட்டிக்கொண்டு, சரியான விடை தெரிந்தால் மட்டும் எழுந்து நின்று சொல்லும் பழக்கத்தில்தான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். அடக்கம் நல்ல குணம். அது எங்களுக்கு நிறையத் தந்திருக்கிறது. ஆனால் அடக்கமும் மௌனமும் ஒன்றல்ல. பாதி யோசனையைச் சபையில் சொல்லி, அதை எல்லோர் முன்னிலையிலும் திருத்திக்கொள்ளும் பழக்கம் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பில் வந்தால், இருபத்துநான்கு வயதில் கொழும்பில் ஓர் அறையில் அவள் உறைந்துபோக மாட்டாள். ஆசிரியைகளே, கிழமைக்கு ஒரு கணக்கையாவது ஒரு மாணவியைக் கரும்பலகைக்கு அழைத்து, பேசிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். பிழை வந்தால் வகுப்புச் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

பழைய மாணவிகள் சங்கத்துக்கு நாங்கள் மூன்று வேண்டுகோள்களை எழுத்தில் தந்திருக்கிறோம். ஒன்று, ஒவ்வொரு தவணை விடுமுறையிலும் மாதிரி நேர்முகப் பரீட்சை. லண்டன், ரொறன்ரோ தோழிகள் சூமில் வந்து குழுவாக இருக்கத் தயாராக இருக்கிறார்கள். இரண்டு, நேர்முகத்துக்குக் கொழும்பு போகும் பிள்ளை முதல் நாள் இரவு தங்குவதற்குப் பழைய மாணவிகளின் வீடுகள். எங்களில் நாலு பேர் இப்போதே பெயர் தந்துவிட்டோம். மூன்று, போய்வந்த பிள்ளைகள் எழுதி வைக்கும் அந்தக் கொப்பிகளின் பிரதிகள் நூலகத்தில் ஓர் அலுமாரியில் இருக்கட்டும்.

பெற்றோர்களே, இரண்டு தரம் சரிவராமல் வந்த பிள்ளையிடம் "அது உனக்குச் சரிவராது, வேறை ஏதும் பார்" என்று சொல்வதற்கு முன், மூன்றாம் தரத்துக்குப் பஸ் காசைக் கொடுத்து அனுப்புங்கள். பாதியில் நின்று வீட்டில் இருந்துவிட்ட கெட்டிக்காரிகள் எங்கள் ஆண்டிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குக் குறைந்தது அறிவு அல்ல. இன்னொரு முறை போகச் சொல்ல ஓர் ஆள்தான் இருக்கவில்லை. அந்த ஆளாக இந்தச் சங்கம் இருக்கட்டும்.

 மாதிரி நேர்முகத்துக்குப் பெயர் கொடுக்க விரும்பும் மாணவிகள் மண்டப வாசலில் இருக்கும் மேசைக்கு இப்போதே வரலாம்.